வெள்ளை ஸ்கிரீன் முன்னாடி குழந்தை முகம் இருட்டாவது ஏன்? பேக்டிராப்பும் லைட்டிங்கும்: ஒரு விளக்கம்

மறைமலைநகரில் அக்கா வீடு. போன மாதம் அவள் மகளுக்கு முதல் பிறந்தநாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். வெள்ளை ஸ்கிரீன், இரண்டு பக்கமும் குடை வைத்த எல்.இ.டி. விளக்கு, நடுவில் பஞ்சு மேகம் மாதிரி ஒரு செட். முதல் படத்தை எடுத்துவிட்டு கேமராவின் பின்பக்கத் திரையில் காட்டினார் ஸ்டுடியோ அண்ணன். பாப்பா முகம் இருட்டாக இருந்தது. புருவம் எங்கே, கண் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

“ஒண்ணும் இல்லம்மா, பாப்பா கொஞ்சம் கலர் கம்மி. கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்” என்றார்.

ஏத்திட்டார். நாலு நாள் கழித்து வந்த ஆல்பத்தில் ரோஸ் நிறத்தில் வேறு யாரோ ஒரு குழந்தை இருந்தது. அம்மா கன்னத்தில் வைத்துவிட்ட திருஷ்டிப் பொட்டையும் ஏதோ கறை என்று நினைத்து அழித்திருந்தார்கள். “இது யார் வீட்டுப் புள்ளடி?” என்று அம்மா கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. ஆல்பம் இப்போது பீரோவுக்குள் இருக்கிறது.

குழந்தையின் நிறத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்வது ரொம்ப சுலபம். ஆனால், அன்றைக்குத் தப்பு நடந்த இடம் ஸ்கிரீனும் அதன் மேல் விழுந்த வெளிச்சமும்தான்.

கேமரா போடும் கணக்கு

கேமராவுக்கு முகம், துணி என்ற வித்தியாசம் அடிப்படையில் தெரியாது. முன்னால் இருக்கும் மொத்தக் காட்சியிலிருந்து எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்று அளந்து, அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். இதற்காகப் பல காலமாகப் பயன்படும் அளவுகோல்தான் விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டை.

இப்போது ஃப்ரேமில் முக்கால்வாசி வெள்ளைத் துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஐயோ, வெளிச்சம் ஜாஸ்தி’ என்று கேமரா மொத்தத்தையும் குறைத்துவிடும். துணி சாம்பல் ஆகும். நடுவில் இருக்கும் மாநிறக் குழந்தையின் முகம் அதோடு சேர்ந்து இன்னும் கீழே இறங்கும். ஸ்கிரீன் வெளுத்துப் போகக் கூடாதென்று போட்டோகிராபரே கையால் குறைத்தாலும் இதே கதைதான். கறுப்பு ஸ்கிரீன் என்றால் தலைகீழ். கேமரா வெளிச்சத்தை ஏற்றிவிட, முகம் வெளிறும். கறுப்பு முடி வேறு பின்னணியோடு கலந்து, தலை எங்கே முடிகிறதென்றே தெரியாது.

இன்றைய ஃபோன்கள் முகத்தைக் கண்டுபிடித்து அளக்கின்றன, உண்மைதான். ஆனாலும் குழந்தை திரும்பினாலோ, ஃப்ரேமில் முகம் சின்னதாக இருந்தாலோ பழைய கணக்குக்கே போய்விடும். அதனால் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்து லாக் செய்யுங்கள். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே கீழே நகர்த்தி முகத்துக்கு ஏற்ற வெளிச்சத்தை நீங்களே வையுங்கள். இன்னொன்று, பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். பல ஃபோன்களில் அது முதலிலிருந்தே ஆனில் இருக்கும். ஸ்டுடியோ அண்ணன் நாலு நாளில் செய்ததை அது நொடியில் செய்துவிடும்.

இது ஃபிலிம் காலத்துப் பழக்கம்

ஆரம்பகால ஃபிலிம்களுக்குச் சிவப்பு நிறமே தெரியாது. பழுப்புத் தோலில் சிவப்பும் மஞ்சளும்தான் அதிகம். அதனால் நம் தாத்தா பாட்டிகள் பழைய படங்களில் நிஜத்தைவிட இருட்டாக விழுந்தார்கள். நெகட்டிவ் மேல் பென்சில் வைத்து முகத்தைச் சரிசெய்ய ஸ்டுடியோக்களில் ரீடச்சிங் ஆட்களே இருந்தார்கள். தூண், படிக்கட்டு, பூந்தோட்டம் வரைந்த அந்தக் காலத்து ஸ்கிரீன்களை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திரட்டி டிஜிட்டல் ஆக்கிய தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களில் பார்க்கலாம். பெரும்பாலும் நடுத்தரச் சாம்பலில் வரைந்தவை. முகத்தோடு மோதாது. அந்த விஷயத்தில் அவர்கள் நம்மைவிடக் கெட்டி.

கலர் ஃபிலிம் வந்த பிறகும் பிரச்னை தீரவில்லை. கோடக் நிறுவனம் லேபுகளுக்கு அனுப்பிய ‘ஷர்லி கார்டு’ என்ற மாதிரிப் படத்தில் பல பத்தாண்டுகளாக இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று அர்த்தம். கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். இதில் கடுப்பேற்றும் தகவல் ஒன்று உண்டு. பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் புகார் செய்த பிறகுதான் கோடக் அதில் கவனம் செலுத்தியதாம். கூகுள் தன் பிக்ஸல் 6 ஃபோனில் ‘ரியல் டோன்’ என்று எல்லாத் தோல் நிறங்களுக்கும் கேமராவைத் திருத்தியது 2021-ல். அவ்வளவு தாமதம்.

சென்னையிலும் இதற்கு ஒரு பதில் வந்தது. 2017-ல் பரத்வாஜ் சுந்தரும் போட்டோகிராபர் நரேஷ் நீலும் ‘டார்க் இஸ் டிவைன்’ என்ற படத்தொடரில் கடவுளர்களைக் கறுப்புத் தோலோடு காட்டினார்கள். நெட்டில் கிடைக்கும். தேடிப் பார்க்கும்போது வெளிச்சம் முகத்தில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதைக் கவனியுங்கள்.

வீட்டிலேயே எடுக்கலாமா?

தாராளமாக. ஜவுளிக்கடையில் காடாத்துணி மூணு மீட்டர் வாங்குங்கள். அந்தப் பழுப்பு வெள்ளை அப்படியே நன்றாக இருக்கும். கடுகு மஞ்சள், செங்கல் நிறம், மங்கின பச்சை, சாம்பல் நீலம் எல்லாமே மாநிறத்துக்கும் கறுப்புக்கும் பொருந்தும். பளபளக்கும் சாட்டின் வேண்டாம், அங்கங்கே வெள்ளைப் புள்ளி அடிக்கும். பளீர் பச்சையும் வேண்டாம். குழந்தை அதன் மேல் உட்கார்ந்தால் தாடைக்குக் கீழே பச்சை ஏறும். துணியை மறக்காமல் அயர்ன் பண்ணிடுங்க. மடிப்புக் கோடு முகத்தைவிட முன்னாடி வந்து நிற்கும்.

குழந்தையைத் துணியோடு ஒட்டி உட்கார வைப்பதுதான் நாம் எல்லோரும் செய்யும் தப்பு. நிழல் துணியில் விழும், துணியின் இழை கூடத் தெரியும். குறைந்தது நாலு அடி முன்னால் கொண்டுவாருங்கள். இந்தத் தூரம் இன்னொரு வேலையும் செய்யும். சின்ன விளக்கின் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்தில் குறையும். விளக்கிலிருந்து குழந்தை 3 அடியிலும் துணி 6 அடியிலும் இருந்தால், குழந்தைக்கு விழுவதில் கால் பங்குதான் துணிக்கு விழும். துணி 9 அடிக்குப் போனால் ஒன்பதில் ஒரு பங்கு. அதாவது, அதே வெள்ளைத் துணியை இடத்தை மாற்றியே சாம்பல் ஆக்கலாம், வேறு துணி வாங்க வேண்டாம். வெள்ளை வெள்ளையாகவே வேண்டுமென்றால் துணிக்குத் தனியாக விளக்கு போட வேண்டும். அதற்கு இடம் வேண்டும். பத்துக்குப் பத்து ரூமில் நடக்கிற காரியமில்லை.

ஜன்னலுக்கு இந்தக் கணக்கு அச்சு அசலாக வராது, ஆனால் போக்கு இதேதான். வீட்டில் ஜன்னல்தான் நல்ல விளக்கும்கூட. நேர் வெயில் விழாத ஜன்னலாகப் பாருங்கள். வெயில் வந்தால் வெள்ளை வேட்டியைக் கம்பியில் கட்டிவிடுங்கள். குழந்தையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் லேசாகத் திருப்பி உட்கார வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடியுங்கள். சினிமா ஷூட்டிங்கில் பிடிக்கிறார்களே, அதேதான். கறுப்புத் தோலில் கன்னமும் நெற்றியும் வடிவம் பெறுவது இந்தப் பெரிய, மென்மையான வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வரும்போதுதான். ரெண்டு பக்கமும் சமமாக அடித்தால் முகம் தட்டையாகிவிடும்.

அம்மாக்களிடம் சண்டை போட வேண்டிய இடம் பவுடர். கழுத்து வரை அப்பினால் படத்தில் சாம்பல் பூசின மாதிரி விழும். கொஞ்சம் எண்ணெய் தடவி, துடைத்துவிட்ட மினுமினுப்பே போதும்.

மலிவான எல்.இ.டி. பல்புகளில் இன்னொரு தொல்லை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பல்பு நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் வேகம் கூடினால் படத்தில் கோடு கோடாக விழும். வேகத்தைக் குறைத்தால் கை காலை ஆட்டும் குழந்தை கலங்கிப் போகும். பகல் வெளிச்சத்தில் இந்தத் தலைவலி இல்லை. பிளாஷ் போட்டே ஆக வேண்டுமென்றால் முகத்துக்கு நேராக வேண்டாம், வெள்ளைக் கூரையில் அடித்துத் திருப்புங்கள்.

மாமல்லபுரம் போகிறீர்களா?

திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரலாம். எல்லோரும் ஓடுவது கடற்கரைக்கு. மதியத்தில் மணலும் ஒரு பெரிய வெள்ளை ஸ்கிரீன்தான். கீழிருந்து வெளிச்சம் அடிக்கும், குழந்தையும் கண்ணைச் சுருக்கும்.

நான் சொல்வது அர்ஜுனன் தபசு. அந்தப் பாறை கிழக்கு பார்த்தது. காலையில் நேர் வெயில் விழும், சிற்பங்கள் பளிச்சென்று தெரியும், ஆனால் முன்னால் நிற்கும் முகத்துக்கு வெயில் கடுமை. மதியத்துக்குப் பிறகு வெயில் பாறைக்குப் பின்னால் போய்விட, முன்பக்கம் முழுக்க நிழல், மேலே திறந்த வானம். பழுப்புச் சாம்பல் கல், சீரான வெளிச்சம், பின்னால் யானைகள். கையில் ஃபோன், கேமராவோடு எடுப்பது சரி. ஸ்டாண்டு, விளக்கு என்று போனால் தொல்லியல் துறையிடம் முன்பே அனுமதி கேட்டுவிடுங்கள். திரும்பும் வழியில் சவுக்குத் தோப்பு கிடைத்தால் உள்ளே போகாமல் ஓரத்தில் நிறுத்தி எடுங்கள். உள்ளே முகத்தில் புள்ளி புள்ளியாக வெயில் விழும்.

ஸ்டுடியோதான் வேண்டும் என்றால்

போவதற்கு முன்பே பேசிவிடுங்கள். “சாம்பல் இல்லன்னா பிரவுன் ஸ்கிரீன் இருக்கா? முகத்துக்கு அளந்து எடுங்கண்ணா. கலர் ஏத்த வேண்டாம். ஒரிஜினல் ஃபைலும் கொடுங்க.” இதைச் சொன்னால் பெரும்பாலான போட்டோகிராபர்கள் சந்தோஷமாகவே செய்வார்கள். கலர் ஏத்தச் சொல்லி அவர்களை நச்சரிப்பதும் நம்ம ஆட்கள்தானே.

போன வாரம் அக்கா வீட்டு ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டு, கதவில் காடாத்துணியைக் கட்டினோம். தெர்மாகோல் பிடித்தது அத்தான். நாற்பது படம் எடுத்ததில் மூணு தேறியது. அதில் ஒன்றில் பாப்பா அம்மாவின் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு சிரிக்கிறாள், கன்னத்தில் பொட்டோடு. அம்மா அதைத்தான் வாட்ஸ்அப் டி.பி.யாக வைத்திருக்கிறார்.