சூடு காட்டிக்கொடுக்கும் இடம்

1961இல் வண்டலூர்ப் பக்கத்து ஆலையிலிருந்து வரத் தொடங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, வடிவமைப்பில் பிரிட்டிஷ் ஆனாலும் மெட்ராஸில் உருவான கார். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் போர்ட்டிகோக்களில் துணி போர்த்தி இன்னும் சில நிற்கின்றன. கூடவே அம்பாசடர்களும் பத்மினிகளும். இந்த வயதான வண்டிகளுக்குப் பொதுவான வியாதி ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் செல்ஃப் உற்சாகமாகச் சுற்றாது. இழுத்து இழுத்துத் திணறும். நாலு தடவை முயன்றுவிட்டு பானெட்டைத் திறந்து பேட்டரி கேபிளைத் தொட்டால் கை சுடும். "பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க" என்பதுதான் உடனே கிடைக்கும் யோசனை. பல நேரம் பேட்டரி மேல் ஒரு குற்றமும் இருக்காது. அந்தச் சூட்டைச் சரியாகப் படித்தால் கோளாறு எங்கே என்று அதுவே சொல்லிவிடும்.

முதலில் செல்ஃப் மோட்டாரின் விசித்திரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் என்ஜினை ஹேண்டில் போட்டுத்தான் சுற்றினார்கள். அது திருப்பி அடித்து மணிக்கட்டு முறிந்தவர்கள் ஏராளம். மின்சாரத்தால் சுற்றலாம் என்றால், அதற்கு வண்டியில் அடங்காத அளவுக்குப் பெரிய மோட்டார் வேண்டும் என்று பொறியாளர்கள் நம்பியிருந்தார்கள். அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் அதற்கு முன் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். சில நொடி மட்டுமே வேலை என்றால் சின்ன மோட்டாரையே அதன் தாங்குதிறனுக்கு மேல் ஓட்டலாம், சூடாகிக் கருகுவதற்குள் வேலை முடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்கள் அவருடைய செல்ஃபுடன் வந்தன. நம் ஊரில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் இன்றும் செல்ஃப் மோட்டார் செய்கிறது. சென்னையின் பாடி பகுதியில் 'லூகாஸ்' என்பது பஸ் நிறுத்தத்தின் பெயராகவே ஆகிவிட்டது.

ஆக, செல்ஃப் என்பது வேண்டுமென்றே வரம்பு மீறி உழைக்கும் மோட்டார். சிறிய பெட்ரோல் என்ஜினைச் சுற்றக்கூட நூறு, நூற்றைம்பது ஆம்பியர் கேட்கும். இவ்வளவு மின்னோட்டம் பாயும் பாதையில் அற்ப மின்தடைக்கும் பெரிய விலை உண்டு. 150 ஆம்பியர் போகும் வழியில், அழுக்கேறிய ஒரு கிளாம்பில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே மட்டும் ஒன்றரை வோல்ட் காணாமல் போகும். போனது சும்மா போகாது, வெப்பமாகிறது. மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் 225 வாட். ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் சாலிடரிங் அயர்ன் 25 வாட்தான். அப்படி ஒன்பதை ஒரே கிளாம்பில் வைத்து அழுத்தியதற்குச் சமம். நூறு கிராம் ஈயக் கிளாம்பை ஐந்தே நொடியில் 80 டிகிரிக்கு மேல் சூடேற்ற இந்த வெப்பம் போதும்.

இவ்வளவு செய்யும் தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவையால் பிடிக்க முடியாது என்பதுதான் வம்பு. கேபிளுக்குள் நூற்றுக்கணக்கான தாமிர இழைகளில் நாலே நாலு மிச்சமிருந்தாலும் மீட்டர் 'பீப்' என்று சத்தம் போட்டு நல்லது என்று சான்றிதழ் தரும். விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும். செல்ஃப் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

குளிர் நாடுகளில் செல்ஃப் திணறினால் உறைபனியைச் சொல்லலாம்: என்ஜின் ஆயில் குழம்பாகிவிடும், பேட்டரியின் வேதிவினை மந்தமாகிவிடும். சென்னையில் அந்தச் சாக்கு செல்லாது. இங்கே எதிரி கடல். சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் காற்றில் மிதந்து வரும் உப்புத்துகள் எல்லா உலோகத்தின் மீதும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அந்த எல்லையை நம் விடியற்காலைகள் சர்வசாதாரணமாகத் தாண்டுகின்றன. மழையே பெய்யாமல் கிளாம்பில் உப்புக்கரைசல் தயார். பேட்டரியின் அமில ஆவியும் சேர்ந்துகொண்டால் ஈயத்தில் வெள்ளைப் பொடியும் தாமிரத்தில் பச்சையும் பூக்கும். கேபிளின் ரப்பர் உறைக்குள் இழைகளுக்கிடையே இந்த ஈரம் ஏறிக்கொண்டே போகும்; வெளியே புதுசு போலிருக்கும் கேபிளை வெட்டிப் பார்த்தால் உள்ளே கறுப்பு. 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் கடற்கரையில் தனி நிலையமே வைத்துக் கடற்காற்றின் அரிப்பை ஆராய்கிறது என்றால், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

இனி சூட்டைப் படிக்கலாம். கேபிளின் ஒரு முனை மட்டும் சுட்டு நடுப்பகுதி குளிர்ந்திருந்தால் கோளாறு அந்த இணைப்பில். கேபிள் முழு நீளத்துக்கும் சுட்டால் காரணம் வேறு: கேபிள் மெலிந்தது, அல்லது மோட்டார் அளவுக்கு மேல் இழுக்கிறது. தாமிரம் பூசிய அலுமினியக் கேபிள்களும் விற்கின்றன. அதே தடிமனில் அலுமினியத்தின் தடை தாமிரத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல். கூர்மையாகச் சொல்ல வேண்டுமானால் வோல்ட் மீட்டர் போதும். என்ஜின் கிளம்பிவிடாதபடி இக்னிஷன் காயிலுக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒருவரை சாவி திருப்பச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக்கட்டையிலும் மறுமுனையை அதைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வைக்க வேண்டும். இரண்டும் ஒட்டியே இருப்பதால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் திருடன் அங்கேயே இருக்கிறான். இப்படியே ஒவ்வொரு இணைப்பாக நகரலாம். சுற்றும்போது பேட்டரி முனைகளில் ஒன்பதரை வோல்ட்டுக்குக் குறையாமல் நின்றும் செல்ஃப் திணறுகிறதென்றால், பேட்டரியை மாற்றுவது வீண் செலவு.

எல்லோரும் மறப்பது எர்த்தை. என்ஜின் ரப்பர் மவுன்டிங்குகளில் உட்கார்ந்திருக்கிறது. பாடிக்கும் அதற்கும் நடுவே ஒரு பின்னல் பட்டைதான் மின்பாலம். அது துருப்பிடித்து அறுந்தால் 150 ஆம்பியரும் வேறு வழி தேடும். அகப்படுவது சோக் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும்தான். செல்ஃப் அடிக்கும்போது டாஷ்போர்டில் சோக் குமிழ் சுடுகிறது, புகைகிறது என்றால் பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் நேராக என்ஜினுக்கு அடியில் குனிந்து பட்டையைத் தேடுவது அதனால்தான். பேட்டரியைத் துளிக்கூடச் சந்தேகிக்காத அந்த அனுபவ ஞானத்தைப் பார்த்து வியந்திருக்கிறேன்.

இணைப்புகள் எல்லாம் சரி, ஆனாலும் கேபிள் முழுக்கச் சுடுகிறதா? செல்ஃபைக் கழற்ற வேண்டியதுதான். ஓடும் மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உருவாக்கித் தன் பசியைத் தானே அடக்கிக்கொள்ளும். வேகம் குறைந்தால் அந்தக் கடிவாளம் தளர்ந்து மின்னோட்டம் எகிறும். புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உடலில் உரசினால் நடப்பது இதுதான்: மெதுவாகச் சுற்றுவதாலேயே அதிகமாக இழுக்கிறது. தி. நகர் நெரிசலில் ஊர்ந்த பிறகு மட்டும் திணறும் வண்டிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 60 டிகிரி கூடுதலாகச் சூடான தாமிரச் சுருளின் தடை ஏறக்குறைய கால் பங்கு ஏறிவிடுகிறது.

கிளாம்பைக் கழற்றும்போது எர்த் பக்கத்தை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டு பொறி பறக்கும். பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், பார்த்துக்கொள்ளுங்கள். சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, ஈயம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கிய பின் வாசலின் பூசலாம். பிறகு அதே மீட்டரை அதே இடத்தில் வைத்து மறுபடி செல்ஃப் அடித்துப் பாருங்கள்.