வாழ்த்து அட்டை வெட்ட மெஷின் வாங்கலாமா?

நமது உறுப்பினர்களில் பலர் மளிகையோடு பேன்சி, எழுதுபொருள், பரிசுப் பொருள் என்று ஒரு அலமாரியாவது ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பெண்கள் கையால் செய்யும் பிறந்தநாள் அட்டை, வளைகாப்பு அழைப்பு, மொய்க் கவர், தாம்பூலப் பையில் கட்டும் பெயர் அட்டை முதலியவையும் அதில் இடம்பிடித்து வருகின்றன. நாங்கள் காகிதமும் அட்டையும் மொத்தமாக விற்பவர்கள். எங்களிடம் அட்டை வாங்க வரும் சில்லறை வியாபாரிகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணாச்சி, பூவும் இலையுமாக வெட்டித் தர ஒரு டை கட்டிங் மெஷின் வாங்கிப் போடலாமா?"

மெஷின் விற்பவரிடம் கேட்டால் வாங்கலாம் என்பார். வாங்கி மூலையில் போட்டவரிடம் கேட்டால் வேண்டாம் என்பார். இரண்டும் நமக்கு உதவாது. கணக்குப் போட்டுப் பார்ப்பதே வியாபாரிக்கு அழகு.

முதலில் சரக்கின் தன்மையைப் பார்ப்போம். ஒரு காலத்தில் மார்கழி பிறந்தால் பெட்டிக்கடை வாசலில்கூடச் சிவகாசியில் அச்சடித்த பொங்கல் வாழ்த்து அட்டைகள் கயிற்றில் தொங்கும். செல்போன் வந்த பிறகு வாழ்த்து அதற்குள்ளேயே போய்விட்டது. ஆயிரக்கணக்கில் விற்ற அச்சு அட்டைக்கு முன்போல் கிராக்கி இல்லை. இன்று கையால் செய்த அட்டையைக் கேட்டு வருபவர், பெயர் போட்டு, தனக்கென்று செய்தது வேண்டும் என்று வருகிறார். விலை கூடக் கொடுப்பார். ஆனால் எண்ணிக்கை குறைவு. இந்த ஒரு விஷயத்தை மறந்துவிட்டு மெஷின் வாங்கக் கூடாது.

வெட்டுவதற்கு மூன்று வழிகள் உள்ளன.

ஒன்று, அச்சகத்தில் கூலிக்குக் கொடுப்பது. பிளைவுட் பலகையில் வடிவத்தை அறுத்து, அந்தப் பிளவில் எஃகுத் தகட்டை வளைத்துச் செருகுவார்கள். அதுதான் டை. கூர்மையான தகடு வெட்டும். மழுங்கிய தகடு மடிப்புக் கோடு போடும். வெட்டிய அட்டை டையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஓரங்களில் ரப்பர் ஒட்டியிருப்பார்கள். இதை மெஷினில் பூட்டி ஓட்டினால் ஆயிரம் அட்டையும் ஒரே அளவில் வரும். சிவகாசியிலும் சென்னை திருவல்லிக்கேணியிலும் இவ்வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய ஊர்களிலும் விசாரித்தால் கிடைப்பார்கள்.

இரண்டு, கையால் சுற்றும் ரோலர் மெஷின். கரும்புச் சாறு பிழியும் மெஷினைப் போல இரண்டு உருளைகள். டையையும் அட்டையையும் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் அழுத்தத்தில் வெட்டுப்படும். கரண்ட் வேண்டாம், மேஜை மேல் வைத்துக்கொள்ளலாம். மெல்லிய தகட்டு டையில் சரிகை போன்ற நுணுக்கமான ஓரம்கூட வரும். ஆனால் தடிமனான அட்டை என்றால் ஒவ்வொன்றாகத்தான் வெட்ட வேண்டும். பிளாஸ்டிக் தட்டுகளில் வெட்டுத் தடம் விழும், நாளடைவில் வளையும், மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி டை.

மூன்று, கம்ப்யூட்டரில் இணைக்கும் மெஷின். இதற்கு டை கிடையாது. சிறிய பிளேடு ஒன்று படத்தைப் பின்பற்றி நகர்ந்து வெட்டும். வாடிக்கையாளர் பெயரையே வெட்டித் தரலாம் என்பது பெரிய வசதி. ஆனால் பிளேடும், அட்டையைப் பிடித்து வைக்கும் ஒட்டுப் பாயும் தேய்ந்துகொண்டே இருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2021 மார்ச்சில் 'கிரிக்கட்' என்ற அமெரிக்க நிறுவனம், மாதச் சந்தா கட்டாதவர்கள் தங்கள் சொந்தப் படங்களில் மாதத்துக்கு 20 மட்டுமே ஏற்றலாம் என்று அறிவித்தது. வாங்கியவர்கள் பலமாக எதிர்த்ததால் அந்த மாதத்திலேயே அதைக் கைவிட்டது. மெஷின் நம்முடையதானாலும் சாவி இன்னொருவர் கையில் இருக்கலாம் என்பதற்கு இது உதாரணம். இணையமும் சந்தாவும் இல்லாமல் ஓடுமா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். கீழே உள்ள தொகைகள் கணக்குப் புரிவதற்காக நாங்கள் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோலர் மெஷின் 12,000 ரூபாய், ஐந்து டை 6,000, மாற்றுத் தட்டுகளும் கொண்டுவரும் செலவும் 2,000. ஆக 20,000 ரூபாய். காம்பொசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு வியாபாரிகள் மெஷினுக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ள முடியாது. எனவே வரியையும் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

கத்திரிக்கோலால் ஒரு அட்டை வெட்ட 5 நிமிடம், மெஷினில் 1 நிமிடம் என்றால் மிச்சம் 4 நிமிடம். மணிக்கு 60 ரூபாய் கூலி என்றால் ஒரு அட்டைக்கு 4 ரூபாய் மிச்சம். 20,000 ரூபாய் திரும்பிவர 5,000 அட்டை விற்க வேண்டும். மாதம் 100 விற்கிறவருக்கு 50 மாதம் ஆகும். 500 விற்கிறவருக்கு 10 மாதம்.

இதோடு நிறுத்தினால் பாதிக் கணக்குத்தான். அந்த 20,000 ரூபாய் கடையில் சும்மா இருக்கும் பணம் அல்ல. துவரம் பருப்பிலும் எண்ணெயிலும் போட்டு மாதம் ஒரு முறை சுழன்றால், செலவு போக நூற்றுக்கு 5 நின்றாலும் மாதம் 1,000 ரூபாய். 4 ரூபாய் வீதம் இந்த ஆயிரத்தை ஈடுகட்டவே மாதம் 250 அட்டை விற்றாக வேண்டும். பருப்பில் போட்ட முதல் பருப்பு விற்றதும் கல்லாவுக்கு வந்துவிடும். மெஷினில் போட்டது வராது. அதையும் இரண்டு வருடத்தில் எடுக்க வேண்டுமானால் மாதம் 833 ரூபாய் சேர்த்து, ஏறக்குறைய 460 அட்டை விற்க வேண்டும். அதாவது நாளொன்றுக்கு 15. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அந்த மாதங்களின் குறையைத் தையும் வைகாசியும் ஆவணியும் ஈடுகட்ட வேண்டும்.

"வீட்டு ஆட்கள்தானே வெட்டுகிறார்கள், கூலி ஏது?" என்று சிலர் கேட்பார்கள். அப்படியானால் மிச்சமான 4 நிமிடத்தில் இன்னொரு அட்டை செய்து, அதுவும் விற்றால்தான் அது பணம். தவிர, கையால் செய்யும் அட்டையில் அதிக நேரம் பிடிப்பது ஒட்டுவதும், அடுக்குவதும், பெயர் எழுதுவதும்தான். அந்த வேலையை மெஷின் குறைக்காது.

மெஷினுக்குச் சாதகமான கணக்கும் உண்டு. கத்திரிக்கோலால் வெட்டவே முடியாத சரிகை ஓரத்தைப் பார்த்து வாடிக்கையாளர் 6 ரூபாய் கூடக் கொடுக்கிறார் என்றால், ஒரு அட்டைக்கு 10 ரூபாய் நிற்கும். அப்போது மாதம் 185 அட்டையே போதும். அச்சகக் கூலியையும் ஒப்பிட வேண்டும். டைக்கு 1,500, குறைந்தபட்ச ஓட்டுக்கூலி 500 என்றால், ஒரே வடிவில் 1,000 அட்டைக்கு ஒன்றுக்கு 2 ரூபாய் விழும். 50 அட்டைக்கோ 40 ரூபாய். ஆக, ஒரே வடிவம் ஆயிரக்கணக்கில் என்றால் அச்சகம். மாதம் பத்து, இருபது என்றால் கத்திரிக்கோல். பல வடிவங்களில் ஐம்பதும் நூறுமாக இடைவிடாமல் ஆர்டர் வருகிறவருக்குத்தான் சொந்த மெஷின்.

எனவே எங்கள் யோசனை இது. மூன்று மாதம் மெஷின் இல்லாமலே ஆர்டர் எடுங்கள். எத்தனை அட்டை, என்ன வடிவம், என்ன விலை என்று தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறந்தநாளுக்கு வாங்கியவர் அடுத்த விசேஷத்துக்கும் வருகிறாரா என்று குறித்து வையுங்கள்.

வாங்குவது என்று முடிவானால், உங்கள் அட்டையையே கடைக்கு எடுத்துப் போய் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கிராம் உள்ள அட்டை விறைப்பாக நிற்கும். அதை மெஷின் ஒரே சுற்றில் வெட்ட வேண்டும். பருத்தித் துணிக் கூழில் செய்த கைக்காகிதம் இடத்துக்கு இடம் தடிமன் மாறும். வெட்டுப்படாத இடத்தில் டைக்குப் பின்னால் தாள் வைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதையும் செய்து காட்டச் சொல்லுங்கள். மெஷினின் வாய் அகலத்துக்கு உங்கள் அட்டை நுழையுமா, தட்டும் பிளேடும் உள்ளூரில் கிடைக்குமா, பழுதானால் யார் பார்ப்பார் என்பதையும் கேளுங்கள். குழந்தைகள் விரல் வைக்காத இடத்தில் மெஷின் இருக்கட்டும்.

தனியாக முடியாதவர்கள் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு மெஷின் வாங்கலாம். ஒரு கடையில் வைத்து, அட்டைக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயித்து, மாதக் கடைசியில் பிரித்துக்கொள்ளலாம். வரவு செலவை எழுதி வைத்தால் மனஸ்தாபம் வராது.

இந்தப் பணம் பல வீடுகளில் பெண்கள் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். ஆசைப்படுகிறார்கள் என்று வாங்கிக் கொடுப்பதும், வீண் செலவு என்று வாயடைப்பதும் அவர்களுக்குச் செய்யும் நியாயமாகாது. அந்த மூன்று மாத நோட்டை அவர்கள் கையிலேயே கொடுத்து எழுதச் சொல்லுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பதை அவர்களே நமக்குச் சொல்லிவிடுவார்கள்.