நினைத்துப் பொரிக்கும் ஆமையும் வளர்த்துக் காக்கும் மனிதனும்

மீன் பார்த்துப் பொரிக்கும். பறவை தொட்டுப் பொரிக்கும். ஆமை நினைத்துப் பொரிக்கும் என்பர் நம் முன்னோர். ஆசிரியன் மாணவனுக்கு அருளும் மூவகைத் தீக்கையை விளக்க எழுந்த உவமை இது. மணலில் முட்டைகளைப் புதைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பும் தாயாமை மீண்டும் அவற்றைப் பார்க்க வருவதில்லை. ஆயினும் உரிய காலத்தில் குஞ்சுகள் வெளிவருகின்றன. இவ்வியப்பே உவமைக்கு வித்தாயிற்று போலும். உண்மையில் முட்டையைப் பொரிப்பது மணலின் வெப்பமே. அவ்வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் பெரும்பாலும் பிறக்கின்றன.

தாயின் துணையில்லாத இக்குஞ்சுகளைக் கண்டு மனிதன் இரங்குவது இயல்பே. நண்டும் நாயும் பறவையும் மீனும் அவற்றுக்குப் பகை. ‘ஓராண்டு தொட்டியில் வளர்த்து, ஓடு முற்றியபின் கடலில் விட்டால் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். இக்கேள்வியை அமெரிக்க அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்துச் சோதித்துப் பார்த்திருக்கின்றனர்.

மெக்சிகோ வளைகுடாவில் கெம்ப் ஆமை என்றோர் இனம் உண்டு. நம் கரைக்கு வரும் பங்குனி ஆமைக்கு அது நெருங்கிய உறவு. ராஞ்சோ நுவேவோ என்னும் மெக்சிகோக் கடற்கரையில் 1947ஆம் ஆண்டில் எடுத்த திரைப்படத்தைக் கொண்டு, ஒரே நாளில் ஏறத்தாழ 40,000 பெண் ஆமைகள் அங்கே கரையேறின என்று பின்னர்க் கணித்தனர். 1985ஆம் ஆண்டிலோ பருவம் முழுவதிலும் 702 கூடுகளே காணப்பட்டன.

இனம் அழிந்துவிடுமோ என்ற அச்சத்தால் 1978ஆம் ஆண்டு ஒரு பெருமுயற்சி தொடங்கிற்று. ஆண்டுதோறும் சுமார் 2,000 முட்டைகளை மெக்சிகோவிலிருந்து டெக்சாசு மாநிலத்தின் பாட்ரே தீவுக்குக் கொண்டுவந்தனர். அங்கே பொரித்த குஞ்சுகளை அத்தீவின் மணலில் தவழவிட்டு, அலையைத் தொட்டதும் பிடித்து, கால்வெஸ்டன் நகர ஆய்வகத்தில் வளர்த்தனர். பிறந்த மண்ணை நினைவிற்கொண்டு அவை அங்கேயே முட்டையிட வரும் என்பது நம்பிக்கை.

வளர்ப்பதன் தொல்லை அங்கேதான் விளங்கிற்று. கடலாமைக் குஞ்சு கூட்டமாக வாழும் உயிரன்று. பலவற்றை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்றன் துடுப்பையும் வாலையும் மற்றொன்று கடித்துக் குதறும். புண்களில் கிருமிகள் புகும். பூஞ்சை நோய் நுரையீரலையும் பற்றக்கூடும். ஆகவே ஒவ்வொரு குஞ்சையும் தனித்தனி வாளியில் வைக்க வேண்டியதாயிற்று. உண்ட மிச்சமும் கழிவும் நீரைக் கெடுப்பதால் அடிக்கடி கடல்நீரை மாற்ற வேண்டியிருந்தது. தொடக்க ஆண்டுகளில் முட்டைகள் இருந்த பெட்டிகளில் வெப்பம் போதாமையால் ஆண்களே மிகுதியாகப் பிறந்தன என்பதும் பின்னரே தெரியவந்தது.

இத்தனை கவனத்துடன் வளர்த்து 20,000க்கும் மேற்பட்ட குஞ்சுகளைக் கடலில் விட்டனர். அவ்வாறு வளர்ந்த ஆமைகளில் முதல் இரண்டு பாட்ரே தீவில் முட்டையிட்டது 1996ஆம் ஆண்டில்தான். அதற்குள் வளர்ப்புத் திட்டமே நிறுத்தப்பட்டுவிட்டது. 1987ஆம் ஆண்டில் பெருந்தலை ஆமைகளைப் பற்றி வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, எல்லா முட்டைகளையும் காப்பாற்றினாலும், வளர்ந்த ஆமைகள் மடிந்துகொண்டே இருந்தால் இனம் பிழைக்காது என்று காட்டிற்று. இறால் பிடிக்கும் இழுவலைகளே அமெரிக்கக் கடலில் ஆமைகளுக்குப் பெருங்கேடு என்று 1990ஆம் ஆண்டில் அந்நாட்டு அறிஞர் குழு அறிவித்தது. கூடுகளுக்குக் காவலும், ஆமை தப்பிச்செல்ல வலையில் வாயிலும் அமைந்த பின்னரே கெம்ப் ஆமையின் கூடுகள் பெருகலாயின.

நம் நாட்டுக்கும் இப்பாடம் பொருந்தும். சென்னைக் கடற்கரையில் 1988ஆம் ஆண்டு முதல் மாணவர் அமைப்பொன்று இரவில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளை எடுத்து, வேலியிட்ட மணற்பரப்பில் மீண்டும் புதைத்துக் காத்து வருகிறது. குஞ்சுகள் வெளிவந்ததும் தாமதமின்றிக் கடலில் விடப்படுகின்றன. அங்கே தொட்டிக்கு வேலையில்லை. பிறந்த குஞ்சின் உடலில் எஞ்சியுள்ள மஞ்சட்கருவே அதன் கட்டுச்சோறு. அதன் வலிமையால் ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் ஓயாது நீந்திக் கரையோரப் பகைகளைக் கடந்துவிடும். அந்த வேகத்தைத் தொட்டிச் சுவரில் மோதி வீணாக்கச் செய்வது உதவியாகாது. காயமுற்றதையும் நோயுற்றதையும் மருத்துவர் பொறுப்பில் வைத்துப் பேணுவது வேறு. நலமாயுள்ளதைக் காட்சிக்காக அடைத்துவைப்பது வேறு.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பெரிய ஆமைகள் மாண்டு ஒதுங்கின. குஞ்சுக்கு இரங்கும் நாம் இவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முட்டையிடும் பருவம் எய்தப் பல ஆண்டுகள் ஆகும் ஓர் உயிரை, வலையில் ஒரு நொடியில் இழந்துவிடுகிறோம்.

பம்பாயில் வாழும் நம்மவர் இரத்தினகிரி மாவட்டத்து வேளாஸ் கிராமத்திலும், ஒடிசாவில் வாழ்வோர் ருசிகுல்யா முகத்துவாரத்திலும் பருவகாலத்தில் இக்காட்சியைக் காணலாம். குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். ஆனால் குஞ்சுகளைக் கையில் எடுக்கவோ, விளக்கொளி பாய்ச்சவோ விடாதீர்கள். எங்கேனும் தொட்டியில் குஞ்சுகளை வைத்துக் கட்டணம் வாங்கிக் காட்டினால், ‘இவை பிறந்து எத்தனை நாளாயிற்று? எப்போது கடலுக்குச் செல்லும்? ஏன் இன்னும் செல்லவில்லை?’ என்று பணிவாகக் கேளுங்கள். நம் கடலில் வாழும் ஆமைகளை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் காக்கிறது. அனுமதியின்றி அவற்றைப் பிடித்து வைத்திருப்பது குற்றம். இதையும் நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம்.