மின் நிலையங்களின் ஒத்துழைப்பு

விசையை அழுத்துகிறோம், விளக்கு எரிகின்றது. அம்மின்சாரம் எந்த நிலையத்திலிருந்து வந்தது என்று பிரித்துக் கூற இயலாது. மின் நிலையங்கள் பலவும் கம்பிகளால் பிணைக்கப்பட்டு, ஒரே மின்தொகுப்பாக இயங்குகின்றன.

மின்சாரத்தைப் பெருமளவில் சேமித்து வைத்தல் அரிது. ஆதலின், நொடிதோறும் செலவாகும் அளவே உண்டாக்கப்படல் வேண்டும். அவ்வளவை ஒவ்வொரு நிலையத்திற்கும் உடனுக்குடன் அறிவிப்பவர் யார்? அறிவிப்பார் எவரும் வேண்டுவதில்லை. இந்தியாவில் மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைகின்றது. செலவு மிகுந்தால், எல்லா நிலையங்களிலும் சுழலிகளின் வேகம் சற்றே தளரும், அலைவெண்ணும் குறையும். சுழலியோடு இணைந்த வேகச் சீராக்கி அத்தளர்ச்சியைத் தானே உணர்ந்து, நீராவியையோ நீரையோ மிகுதியாகச் செலுத்தும். செலவு குறைந்தால் அதனைக் குறைக்கும். பெரிய நிலையம் பெரும்பங்கும், சிறிய நிலையம் சிறுபங்கும் ஏற்கும். எஞ்சிய குறையைக் கட்டுப்பாட்டு மையங்கள் பின்னர்ச் சரிசெய்யும்.

பிணைப்பு மட்டும் போதுமா? அளவறிந்து நடத்தலும் வேண்டும். 2012-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், வடபுலத்தில் சில மின்வழிகள் முன்னரே நிறுத்தப்பட்டிருந்தன. அந்நிலையிலும் சில மாநிலங்கள் தம் பங்கினும் மிகுதியாக மின்சாரம் எடுத்தன. பளு மிகுந்து, பீனா – குவாலியர் மின்வழி துண்டிக்கப்பட்டது. பிற வழிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 30, 31 ஆகிய இரு நாள்களிலும் மின்தொகுப்பு நிலைகுலைந்தது. இரண்டாம் நாள், ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதி மின்சாரம் இழந்தது. இரயில்கள் இடைவழியில் நின்றன; நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர் சிக்கித் தவித்தனர்.

தென்னாட்டு மின்தொகுப்பும் 2013 டிசம்பர் 31 அன்று ஏனையவற்றோடு ஒரே அலைவெண்ணில் இணைந்தது. இன்று நம் வீட்டு விளக்கும் அப்பெருங் கூட்டுறவில் ஓர் உறுப்பாகும். ஒவ்வொருவரும் தத்தம் கடமையை அளவறிந்து ஆற்றின் ஒளி நிலைக்கும். சிலர் அளவு மீறினும் அனைவரும் இருளடைவர்.