குளத்துச் சுவருக்கு எப்படித் தெரியும்?

1960, ரோம் ஒலிம்பிக். ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டும் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் ஏறக்குறைய ஒன்றாகவே சுவரைத் தொட்டார்கள். லார்சனுக்கு நேரம் பார்த்த மூன்று கடிகாரங்களும் 55.0, 55.1, 55.1 விநாடி காட்டின. டெவிட்டுக்கு மூன்றிலும் 55.2. தங்கம் யாருக்கு? டெவிட்டுக்கு! அன்று கடிகாரத்தைவிட நடுவரின் கண்ணுக்கே மதிப்பு. நடுவர்கள் இரண்டுபட, தலைமை நடுவர் டெவிட் பக்கம் சாய்ந்தார். லார்சனின் நேரத்தையும் 55.2 என்று மாற்றி எழுதிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட தகராறுகளுக்கு முடிவு கட்டியது, சுவரில் மாட்டும் ஒரு மெல்லிய பலகை. டச் பேட் என்பார்கள், தொடுபலகை. ஒமேகா நிறுவனம் 1967-இல் வின்னிபெக் நகரில் நடந்த பான் அமெரிக்கப் போட்டியில் இதைக் கொண்டுவந்தது. தடிமன் ஒரு சென்டிமீட்டர்தான். அகலம் 2.4 மீட்டர், உயரம் 90 சென்டிமீட்டர். அதில் 30 நீருக்கு மேலே, 60 நீருக்குள்ளே. கை பட்டதும் கடிகாரம் நிற்கும். கேட்க எளிது. ஆனால் எட்டுப் பேர் கலக்கும் குளத்தில் அலை ஓயாமல் சுவரில் அறைகிறதே, அதற்கும் கடிகாரம் நின்றுவிடாதா? நிற்காது. அலை பலகை முழுக்கப் பரவித் தள்ளும். கை ஓரிடத்தில் அழுத்தும். பலகை அந்த அழுத்தத்துக்குத்தான் மசியும்.

2008 பெய்ஜிங்கில் இதன் விளைவைப் பார்த்தோம். 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் செர்பியாவின் மிலோராட் சாவிச் நீட்டிய கையோடு மிதந்து வந்தார். மைக்கேல் ஃபெல்ப்ஸ் கூடுதலாக அரை வீச்சு போட்டுப் பலகையை ஓங்கி அடித்தார். 50.58, 50.59. விநாடியின் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் ஃபெல்ப்ஸுக்குத் தங்கம்.

இன்றைய கருவிகள் விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக்கூடப் பிரித்துக் காட்டும். பிறகு ஏன் நூறோடு நிறுத்துகிறார்கள்? 1972 மியூனிக்கில் 400 மீட்டர் மெட்லியில் சுவீடனின் குன்னார் லார்சன் 0.002 விநாடியில் டிம் மெக்கீயை வென்றார். அந்த வேகத்தில் அது 3 மில்லிமீட்டர் தூரம். குளமோ கான்கிரீட்டும் ஓடும் சேர்த்துக் கட்டியது. 50 மீட்டரில் 3 சென்டிமீட்டர் வரை கூடுதலாக இருக்கலாம் என்று விதியே இடம் தந்தது. அதாவது பத்து மடங்கு! வென்றது வீரரா, கொத்தனாரா என்று யார் சொல்வது? அதன்பின் ஆயிரத்தில் பங்கு பார்ப்பதையே கைவிட்டார்கள். அதனால்தான் 2016 ரியோவில் 51.14 விநாடியில் வந்த மூன்று பேருக்கும் வெள்ளி கிடைத்தது.

போட்டி சமமாக இருக்க அலையையும் அடக்கவேண்டும். தடங்களைப் பிரிக்கும் வண்ணக் கயிறும் சும்மா கிடப்பதில்லை. அதில் கோத்த வில்லைகள் அலை பட்டதும் சுழலும். பக்கத்துத் தடத்துக்குப் பாயவேண்டிய விசை அந்தச் சுழற்சியிலேயே கரைந்துபோகும். தப்பி வரும் அலை, தரைமட்டத்துக்கு வெட்டிய ஓரக் கால்வாயில் விழுந்து வடிகட்டிக்குப் போகிறது. பத்துத் தடம் போட்டு இரு ஓரங்களையும் காலியாக விடுகிறார்களே, அதுவும் அலையைத் தணிக்கத்தான்.

தொடக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். முதல் தடத்தருகே துப்பாக்கி வெடித்தால், 17.5 மீட்டர் தள்ளி எட்டாம் தடத்தில் நிற்பவருக்குச் சத்தம் 0.05 விநாடி தாமதமாகக் கேட்கும். ஃபெல்ப்ஸ் வென்ற இடைவெளியைப் போல ஐந்து மடங்கு. ஆகவே இப்போது ஒவ்வொருவர் குதிக்கும் மேடைக்கும் தனித்தனி ஒலிபெருக்கி.