எண்ணத் தெரிந்தவளை ஏய்க்க முடியாது!

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிச் சாலையெங்கும் கூட்டம்தான். பேரருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வருகிறவர்களை அழைத்து, கூண்டுக் கிளியை விட்டுச் சீட்டெடுக்கச் செய்த சோதிடர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்தச் சீட்டிலே நம் வீட்டுப் பெண்ணின் தலைவிதி எழுதியிருக்கிறதாம்! ஒரு நெல்மணிக்காக வெளியே வந்து மீண்டும் கூண்டுக்குள் போகிற கிளிக்குத் தன் விதியே தெரியாது. அதுவா நம் பெண்ணுக்கு வழி சொல்லும்?

வேறொரு கிளியைப் பற்றித் தோழர்களுக்குச் சொல்கிறோம். அதன் பெயர் மிட்டு. அது சீட்டெடுக்கவில்லை, பள்ளிக்கூடம் போனது!

'மீனா' என்னும் தொலைக்காட்சிச் சித்திரத் தொடரில் வருகிற கிளி அது. மீனா ஒன்பது வயதுச் சிற்றூர்ப் பெண். தம்பி ராஜு பள்ளிக்குப் போகிறான். அவள் வீட்டு வேலை செய்கிறாள். தான் போக முடியாத பள்ளிக்குக் கிளியை அனுப்புகிறாள். கிளி பாடம் கேட்டு வந்து சொல்ல, எண்ணக் கற்றுக்கொள்கிறாள். ஒருநாள் கோழிகளை எண்ணினாள், ஒன்று குறைந்தது. திருடன் பிடிபட்டான். பிறகுதான் தகப்பனுக்குக் கண் திறந்தது. மகளைப் பள்ளிக்கு அனுப்பினார்.

பிள்ளைகள் பார்க்கும் பொம்மைப் படத்துக்கா இவ்வளவு பேச்சு என்று சிலர் கேட்கலாம். அதை எடுக்கப் பட்ட பாட்டை அறிந்தால் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

1990ஆம் ஆண்டைத் தெற்காசிய நாடுகள் பெண் குழந்தை ஆண்டு என அறிவித்தன; 1991 முதல் 2000 வரை பெண் குழந்தைப் பத்தாண்டு என்றன. அறிவிப்பு எளிது. வீட்டுக்குள் அதை யார் கொண்டுபோவது? ஐ.நா. குழந்தைகள் நிதியமான யூனிசெஃப், வங்கதேசத்திலிருந்து இந்தப் பணியைத் தொடங்கியது. 1956இல் மைய அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் சேர்ந்து தொழில் கற்ற ஓவியர் ராம் மோகன், மீனாவுக்கு உருவம் கொடுத்தார்.

உருவம் கொடுப்பது லேசான காரியமா? இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் என நான்கு நாடுகள், பல மதங்கள், பல மொழிகள். சேலை உடுத்தினால் ஒரு நாட்டுக்காரர் அந்நியம் என்பார். சல்வார் அணிந்தால் இன்னொருவர் முகம் சுளிப்பார். பெயரிலும் அதே சிக்கல். துணிந்து பேசும் பெண்ணைக் காட்டினால் பெரியவர்கள் பெட்டியை அணைத்துவிடுவார்கள். அடங்கிப் போகிறவளாகக் காட்டினால் படமே வீண்.

ஒரு நொடிப் படத்துக்குப் பன்னிரண்டு ஓவியம் என்று வைத்தாலும், பத்து நிமிடத்துக்கு 7,200 ஓவியம் வேண்டும். வரைந்து முடித்தபின் மாற்ற முடியுமா? ஆகவே முன்கூட்டியே படங்களை ஊர் ஊராக எடுத்துச் சென்று, தாய்மார்களிடமும் பிள்ளைகளிடமும் காட்டிக் கேட்டார்கள், திருத்தினார்கள், மறுபடியும் காட்டினார்கள். எல்லாருக்கும் பொதுவாக நீண்ட பாவாடையும் மேலாடையும், மீனா என்ற பெயரும் நின்றன. முதல் படம் மணிலாவிலுள்ள சித்திரக்கூடத்தில் உருவாகி, 1993இல் வங்கதேசத் தொலைக்காட்சியில் வந்தது.

பின்னர் வந்த கதைகள் இன்னும் துணிச்சலானவை. மாம்பழத்தில் பெரிய துண்டு ஏன் தம்பிக்கு என்று மீனா கேட்கிறாள். "நான் கடினமாக உழைக்கிறேன்" என்கிறான் ராஜு. ஒருநாள் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் பையன் களைத்துப் போகிறான்! வரதட்சணையையும் சிறுவயதுத் திருமணத்தையும் கூட அந்தச் சிறுமி விட்டுவைக்கவில்லை.

எல்லை மீறிய படம் என்றால் ஆபாசம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இந்தப் படம் மீறிய எல்லை அடுப்படியின் எல்லை!

மீனா எங்கோ இருக்கிறாள் என்று எண்ண வேண்டாம். தென்காசி, கடையம், ஆலங்குளம் வட்டாரத்துத் தெருக்களில் மடியில் சுளகு வைத்துப் பீடி சுற்றும் தாய்மார்களைப் பாருங்கள். இலை வெட்டித் தரவும் நூல் கட்டவும் எத்தனை பெண்பிள்ளைகள் படிப்பை விட்டு உட்கார்ந்தார்கள்! ஆயிரம் பீடிக்குத்தான் கூலி. இலை எடை குறைந்தாலும், கழிவென்று ஒரு கட்டைத் தள்ளினாலும், கணக்குத் தெரியாதவள் வாய்மூடித்தான் நிற்கவேண்டும். கோழியைத் திருடியவனை எண்ணிப் பிடித்தாள் மீனா. கூலியைத் திருடுகிறவனைப் பிடிக்கவும் அந்தக் கணக்குத்தானே வேண்டும்?

பெண்ணுக்கும் சொத்தில் சம பங்கு வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. 1989இல் தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தது. சட்டம் வந்தது, உதவி வந்தது. மாம்பழத்தைப் பங்கிடுகிற கத்தி மட்டும் இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறது.

தோழர்களே! மேடையில் சமத்துவம் முழங்கிவிட்டு, வீடு திரும்பியதும் மகளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி மகனைப் படிக்கச் சொல்கிறோமே, அது எந்தக் கொள்கை? இன்றிரவு நம் வீட்டுச் சோற்றுப் பானையருகே உட்கார்ந்து பார்ப்போம். யார் தட்டில் எவ்வளவு விழுகிறது என்று எண்ணுவோம். கணக்கு அங்கிருந்து தொடங்கட்டும்!