மின்கருவி வாங்கப் புறப்படும் அங்கத்தினர்க்கு

வாலாஜாபாத்திலிருந்து வண்டலூர் நோக்கிச் செல்லும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் ஒரகடம் வருகிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு ஏரியும் வயலுமாகக் கிடந்த அப்பகுதியில் 2010-ல் ரெனோ-நிஸ்ஸான் கார் ஆலையும், 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. அதே பத்தாண்டில் பாஷ் கம்பெனியார் மின்சாரக் கைக்கருவிகள் செய்வதற்கென்றே ஓர் ஆலையை அங்கு நிறுவினர். துளையிடும் யந்திரம் நம் வீட்டு வாசலிலேயே உருவாகத் தொடங்கிவிட்டபடியால் இனி அது நமக்குச் சகாய விலையில் கிடைக்கும் என்று எண்ணியவர் பலர். நானும் எண்ணினேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆலையை விட்டுப் புறப்படும் பெட்டி, கிடங்கு, மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்னும் படிகளில் ஏறி இறங்கியே நம் கடைத்தெருவுக்கு வருகிறது. ஆலைக்கு அருகில் வசிப்பதால் அப்படிகளில் ஒன்றுகூடக் குறைவதில்லை. நெல் விளையும் ஊரில் அரிசி மலிவாகக் கிடைக்கிறதா என்று கேட்டால் நம் விவசாய அங்கத்தினர்கள் தக்க விடை கூறுவார்கள்.

நெசவாளனுக்கு மின்கருவி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். ஜக்கார்டு பெட்டியை உத்தரத்தில் பொருத்துவதற்கும், தறிச் சட்டங்களை முடுக்குவதற்கும், சுவரில் அலமாரி அமைப்பதற்கும் துளை வேண்டும். தச்சரை அழைத்தால் அவர் வரும் நாள்வரை தறி நிற்கும். விவசாயிக்கோ பம்புக் கொட்டகை, பந்தல், வேலி என்று வருஷம் முழுவதும் இரும்பை அறுக்கும் வேலையும் துளைக்கும் வேலையும் உண்டு. ஆகவே இக்கருவிகள் ஆடம்பரம் அல்ல. கூலியைக் காக்கும் சாதனங்கள். ஆனால் கடன் வாங்கித் தொழில் நடத்துபவர்க்கு 3,000 ரூபாய் சிறு தொகையன்று. அது வீணானால் பல நாள் உழைப்பு வீணாகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஐயம்பேட்டைப் பக்கத்திலுள்ள நெசவாள நண்பர் ஒருவர், சந்தை ஒன்றில் 1,200 ரூபாய்க்குத் துளையிடும் யந்திரம் ஒன்று வாங்கி வந்தார். ரசீது இல்லை. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 850 வாட் என்று அச்சிட்டிருந்தது. தீபாவளிக்கு முன்னர் தர வேண்டிய சேலைக்காகப் புதிய ஜக்கார்டைத் தேக்கு உத்தரத்தில் ஏற்றும் வேலை. மூன்றாவது துளையில் யந்திரத்தினுள்ளிருந்து புகை கிளம்பியது. நான் அருகில்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சந்தைக்குத் திரும்பச் சென்று பார்த்தால் அந்தக் கடையே அங்கு இல்லை. தச்சர் கிடைப்பதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. சேலை தாமதமானதால் கூலியில் பிடித்தம் வேறு. 1,200 ரூபாய்க் கருவிக்கு அவர் உண்மையில் என்ன விலை கொடுத்தார் என்று அன்றிரவு இருவரும் கணக்குப் பார்த்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டோம்.

ஒட்டுச் சீட்டிலுள்ள விலை ஒன்று. கருவி உழைக்கும் காலம் முழுவதற்கும் நாம் கொடுக்கும் விலை மற்றொன்று. இரண்டையும் விசாரித்தாக வேண்டும்.

முதலில் சீட்டைப் படிக்கும் வகையைக் கூறுகிறேன். 2009-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்தையும் அதன்கீழ் 2011-ல் வந்த விதிகளையும் அனுசரித்து, பெட்டியில் அடைத்து விற்கும் சரக்கில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் விலாசமும், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்சச் சில்லறை விலையும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்காயின் எந்த நாட்டில் தயாரானது என்பதும் வேண்டும். விலாசமே இல்லாத பெட்டியைத் திறந்து பார்க்கவும் வேண்டியதில்லை. அச்சிட்ட விலை உச்ச வரம்பேயன்றி நியாய விலை ஆகாது. மின்கருவிகளில் அதற்கும் கடைக்காரர் உண்மையில் விற்கும் விலைக்கும் இடையே கணிசமான வித்தியாசம் இருப்பதுண்டு. ஆகவே, “அச்சிட்ட விலையில் இவ்வளவு சதவிகிதம் தள்ளுபடி” என்ற பேச்சைக் கேட்டு மகிழாமல், கைக்கு என்ன விலை என்று மட்டும் கேளுங்கள்.

“ரசீது வேண்டாமென்றால் வரியைக் குறைத்துக்கொள்கிறேன்” என்பது அடுத்த பேச்சு. மின்கைக்கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம். வரி நீங்கலாக 2,500 ரூபாயுள்ள கருவிக்கு வரி 450 ரூபாய், ஆக 2,950. ரசீதின்றி வாங்குபவர் அந்த 450 ரூபாயை மிச்சப்படுத்தியதாக எண்ணுகிறார். கம்பெனியின் உத்தரவாதத்தையும், வழக்குத் தொடுக்கும் பிடியையும் அந்த 450 ரூபாய்க்கு விற்றுவிட்டார் என்பதே உண்மை.

இனி வாட் கணக்கு. பெட்டியில் காணும் வாட் பெரும்பாலும் கருவி உட்கொள்ளும் மின்சாரத்தின் அளவு; துளையின் முனையில் கிடைக்கும் வலுவின் அளவன்று. மாடு எவ்வளவு தின்கிறது என்பதைக்கொண்டு எவ்வளவு உழும் என்று தீர்மானிக்க இயலாது அல்லவா? பெயரறியாத சரக்கில் அந்த எண்ணும்கூட மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம். துளையலகைப் பிடிக்கும் சக் 10 மில்லிமீட்டரா 13 மில்லிமீட்டரா, மரத்திலும் இரும்பிலும் எவ்வளவு பருமன் வரை துளைக்கலாம், நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பவற்றைப் பாருங்கள். கருவியின் உடலில் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு குறி இருந்தால் இரட்டைக் காப்பு உள்ளதென்று பொருள். ஈரத் தரையில் நின்று வேலை செய்யும் விவசாயி இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். ஆயினும் எந்தக் குறியும் ஈரக் கைக்கு அனுமதி ஆகாது.

கார்பன் பிரஷ் என்னும் சிறு கரித்துண்டுகள் தேய்வதற்கென்றே மோட்டாரில் அமைந்தவை. கருவி எடுக்கும் முன், “இதற்குப் பிரஷ் காஞ்சிபுரத்தில் கிடைக்குமா? ஸ்விட்ச் கிடைக்குமா? பழுது பார்க்கும் நிலையம் எங்கே?” என்று கேளுங்கள். இக்கேள்விக்குக் கடைக்காரர் தயங்கினால், நூறு ரூபாய்த் துண்டு தேய்ந்த அன்றே முழுக் கருவியும் குப்பைக்குப் போகும் என்று அறிக.

மின்கலத்தால் இயங்கும் கருவிகளில் வேறொரு மயக்கம் உண்டு. ஒருவர் 18 வோல்ட் என்கிறார்; மற்றவர் 20 வோல்ட் என்று சொல்லி அதிகம் கேட்கிறார். இரண்டிலும் பெரும்பாலும் உள்ளிருப்பவை அதே ஐந்து லித்தியம் கலங்களே. கலத்துக்கு 3.6 வோல்ட் வீதம் சராசரியைச் சொன்னால் 18. முழுதும் ஏற்றிய நிலையைச் சொன்னால் 20-க்குச் சற்று மேல். ஆகவே அந்த இரண்டு வோல்ட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆம்பியர்-மணி எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு கம்பெனியின் மின்கலம் மற்றொரு கம்பெனியின் கருவியில் பொருந்தாது என்பதையும், விளம்பரத்தில் மலிவாகத் தோன்றும் கருவி சில சமயம் மின்கலமும் சார்ஜரும் இன்றி விற்கப்படுவது என்பதையும் மறவாதீர்.

ஆலைகளில் கழித்த கருவிகள் பழைய இரும்புக் கடைகளில் கிடைப்பதுண்டு. அவற்றுள் பல காற்றழுத்தத்தால் இயங்குபவை. வீட்டு மின்சாரத்தில் இயங்கா. காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் தனியே வாங்க வேண்டும். கனமும் வேலைப்பாடும் பார்த்து மயங்கி ஒன்றை நானே வாங்கினேன். இப்போது வீட்டில் காகிதம் பறக்காதிருக்க அது பயன்படுகிறது.

நல்ல விலை எங்கே என்பது அடுத்தது. திருமால்பூரிலிருந்து புறப்படும் மின்ரயில் காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கற்பட்டு வழியே சென்னைக் கடற்கரை நிலையம் வரை செல்கிறது. அங்கிருந்து நடந்தால் லிங்கிச் செட்டித் தெரு. அதிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் யந்திர உபகரணக் கடைகள் நெருங்கியிருக்கின்றன. கைத்தொலைபேசியில் அதே மாடல் எண்ணுக்கு என்ன விலை என்று முன்னதாகவே பார்த்துக் குறித்துச் செல்லலாம். ஆனால் ஒரு கருவிக்காக ஒருவர் ஒரு நாளை இழந்து சென்றால், கூலியும் பயணச் செலவும் தள்ளுபடியை விழுங்கிவிடும். பத்துப் பேருக்காக ஒருவர் சென்றால் கணக்கே வேறு.

இது நமக்குப் புதிய பாடமன்று. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில், நெசவாளர்கள் உள்ளிட்ட 28 பேர் கூடிக் கடை திறந்தபோது அவர்கள் விரும்பியது கலப்படமற்ற மாவும் சரியான எடையுமே. 1904-ல் சென்னைத் திருவல்லிக்கேணியில் அவ்வழியைப் பின்பற்றிப் பண்டகசாலை தோன்றியது. அதே 1904-ல் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் விவசாயிகளின் கடன் சங்கம் ஏற்பட்டது. அன்று மாவுக்கும் கடனுக்கும் செய்ததை இன்று துளையிடும் யந்திரத்துக்குச் செய்யத் தடை என்ன?

செய்யும் வகை எளிது. எத்தனை பேருக்கு எந்த வேலைக்கு எந்தக் கருவி என்று ஜாபிதா எழுதி, குறைந்தது மூன்று வியாபாரிகளிடமிருந்து எழுத்தில் விலைப்புள்ளி பெற வேண்டும். மாடல் எண், வரி, உடன் தரும் துளையலகுகள், உத்தரவாதக் காலம் ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். இவை மாறுபட்டால் விலைகளை ஒப்பிட முடியாது. ஒன்றை முதலில் வாங்கித் தேக்கிலும் இரும்பிலும் ஓட்டிப் பார்த்த பிறகே மற்றவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டும். விலை கூட்டாகப் பேசினாலும், அங்கத்தினரின் சொந்தக் கருவிக்கு ரசீது அவரவர் பெயரில் இருப்பது நலம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வர்த்தகத்துக்காக வாங்கியவரை விலக்குகிறது. ஆனால் தன் ஜீவனத்துக்காகத் தானே தொழில் செய்ய வாங்கியவரை விலக்கவில்லை. நெசவாளனும் விவசாயியும் இதனால் பாதுகாப்புப் பெறுகிறார்கள். தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம்; அதற்கு முன் 1915 என்னும் தொலைபேசி எண்ணில் புகார் சொல்லலாம்.

தவணைக்கு வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க. “வட்டியே இல்லை” என்னும் திட்டங்களில் வட்டி வேறு பெயரில் மறைந்திருப்பதைச் சுட்டி 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. ரொக்க விலையையும் தவணைகளின் மொத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் போதும்.

எல்லாவற்றையும் எல்லோரும் வாங்க வேண்டுவதில்லை. காங்கிரீட்டைத் துளைக்கும் கனத்த சுத்தியல் யந்திரம் ஒரு குடும்பத்துக்கு வருஷத்தில் இரண்டு நாள் தேவைப்படலாம். அதைச் சங்கமே வாங்கி, சிறு வாடகைக்கும் முன்பணத்துக்கும் கொடுத்து, கொண்டுபோன நாள், திரும்பிய நாள், பிரஷ் மாற்றிய நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். சங்கம் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றிருந்தால், தன் தொழிலுக்கான கருவிக்குச் செலுத்திய வரியைச் சட்டம் அனுமதிக்கும் அளவில் கழித்துக்கொள்ளவும் வழியுண்டு.

ஐயம்பேட்டை நண்பர் மறுவருஷம் நால்வருடன் சேர்ந்து வேறு கருவி வாங்கினார். ஆளுக்கு 2,700 ரூபாய் ஆயிற்று. இதுவரை இருமுறை பிரஷ் மாற்றியிருக்கிறார். ரசீதைத் தறிக்கு மேலுள்ள சாமி படத்தின் பின்னே செருகி வைத்திருக்கிறார்.